பகல் விளக்கை அணைத்துவிடலாமா? தோட்டப் பட்டணத்துக் கார்களுக்கு ஓர் ஒப்பீடு

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கார் வயரிங் வேலை பார்க்கிறேன். போன இரண்டு மாதத்தில் மூன்று பேர், காரின் பகல் விளக்கை அணைக்க வேண்டும் என்று ஒரே வேலையைக் கேட்டு வந்தார்கள். முதலில் வந்தவர், தமிழ்ப்பள்ளி வாசலில் தினமும் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் ஓர் அக்கா. "எஞ்சின ஓடவிட்டு ஏர்கோன்ல உக்காந்திருக்கேன் தம்பி. எதிர்ல நிக்கிறவங்க மூஞ்சில லைட்டு அடிக்குது. இத நிறுத்த முடியாதா?" என்றார். அடுத்தவர் ஆலைக் காவலுக்குப் போகும் இளைஞர். மூன்றாமவர் தோட்டத்தில் கிராணியாக (கணக்கராக) இருந்து ஓய்வு பெற்ற ஐயா. மகன் வாங்கிக் கொடுத்த புதுக் காரில் பட்டப்பகலில் விளக்கு எரிவதைப் பார்க்க அவருக்கு மனசு கேட்கவில்லை. பெட்ரோலும் பேட்டரியும் வீணாகிறதே என்ற கவலை.

மூவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியவில்லை. அணைக்க வழிகள் இருக்கின்றன, ஒன்றுக்கு நான்காக. எந்த வழி யாருக்கு ஆகும், எதில் என்ன ஒளிந்திருக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

## முதலில், எந்த விளக்கைச் சொல்கிறோம்?

எஞ்சினைத் தட்டியதும் முன்னால் வெள்ளையாக ஒரு கோடு போலவோ புள்ளிகளாகவோ எரிவது பகல் விளக்கு, கடைகளில் டிஆர்எல் என்பார்கள். அது சாலையைக் காட்டுவதற்கு இல்லை; எதிரே வருகிறவருக்குக் காரைக் காட்டுவதற்கு. ஐ.நா. வாகன விதிகளில் 48ஆம் விதிப்படி அது எஞ்சினோடு தானாக எரிய வேண்டும், ஹெட்லைட் போட்டால் தானாக அணைய வேண்டும். பல கார்களில் அதே விளக்கு ஒளி குறைந்து பார்க்கிங் லைட்டாக மாறிக்கொள்ளும்.

இதையும் தானியங்கி ஹெட்லைட்டையும் பலர் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். செம்பனைக் காட்டுக்குள் காரை ஓட்டிக்கொண்டு போகும்போது டேஷ்போர்டில் பச்சை விளக்கு வந்து வந்து போகிறதா? அது கண்ணாடியை ஒட்டி இருக்கும் ஒளி உணரியின் வேலை. நிழலைப் பார்த்து இருட்டிவிட்டது என்று நினைத்து ஹெட்லைட்டைப் போடுகிறது. உங்கள் தொல்லை அதுதான் என்றால் பகல் விளக்கின் மேல் கை வைக்கவே வேண்டாம். லைட் போடும் திருகு இருக்கிறதே, அதை ஆட்டோ என்ற இடத்திலிருந்து மாற்றினால் போதும்.

## எதை வைத்து எடைபோடுவது?

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன். எதிரே வருகிறவர் கண்ணுக்குக் கார் தெரிகிறதா. அணைத்த விளக்கு அடுத்த முறை எஞ்சினைத் தட்டும்போது தானாகத் திரும்பி வருமா. இருட்டும் நேரத்தில் பின்விளக்கை மறக்க வைக்குமா. கையை விட்டுப் போகும் காசு எவ்வளவு. வாரண்டிக்கும் புஸ்பாகோம் (வாகனப் பரிசோதனை நிறுவனம்) சோதனைக்கும் இடைஞ்சல் உண்டா.

இந்த ஐந்தில் இரண்டாவதுதான் எனக்குப் பெரியது. ஏன் என்பதைக் கீழே ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன்.

| வழி | தானாகத் திரும்புமா | கைக்காசு | ஒளிந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| அப்படியே விடுவது | எப்போதும் எரியும் | எல்இடி என்றால் மிகச் சொற்பம் | பின்விளக்கு மறதி; விளக்கு கெட்டால் முழு விளக்குப் பெட்டியையும் மாற்ற வேண்டும் |
| திருகை மாற்றுவது, கைப்பிரேக் | பெரும்பாலும் திரும்பும் | இல்லை | எல்லாக் கார்களிலும் வேலை செய்யாது |
| மெனு அல்லது கோடிங் | திரும்பாது | சர்வீஸ் கட்டணம் | தவறான கோடிங், வாரண்டி |
| ஃபியூஸைப் பிடுங்குவது | திரும்பாது | இல்லை | கூடவே வேறு ஏதாவது செத்துப்போகும் |
| வயரை வெட்டி ஸ்விட்ச் வைப்பது | திரும்பாது | கூலி, ஸ்விட்ச் | களிம்பு, சூடு, வாரண்டி, மறதி |

## அப்படியே விட்டுவிடுவது

எரிவதால் என்ன லாபம் என்று கேட்பவர்கள் முதலில் மோட்டார் சைக்கிளை நினைத்துப் பார்க்கட்டும். 1992இல் நம் நாட்டில் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் ஹெட்லைட் எரியவிட வேண்டும் என்று விதி வந்தது. அதற்குப் பின் சிரம்பானிலும் ஷா ஆலமிலும் ஆராய்ந்து பார்த்தார்கள். கண்ணில் படாததால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் சுமார் 29 விழுக்காடு குறைந்ததாகக் கணக்கு சொன்னது.

காருக்கு இந்த வழக்கம் வடக்கே குளிர் நாடுகளில் தொடங்கியது. ஸ்வீடன் 1977இல் கட்டாயமாக்கியது. கனடா 1989 டிசம்பருக்குப் பின் தயாரான புதுக் கார்களுக்குக் கேட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2011 பிப்ரவரியிலிருந்து புது மாடல்களுக்குக் கேட்டது. அமெரிக்காவில் அனுமதி மட்டும்தான். அங்கே 2008இல் வந்த அரசு ஆய்வில் மொத்தமாகப் பெரிய பலன் எதுவும் தெரியவில்லை. எல்லாருக்கும் கட்டாயமாக்கச் சொல்லி வந்த மனுவை 2009இல் தள்ளிவிட்டார்கள்.

அதனால் "அங்கேயெல்லாம் சூரியன் தாழ்ந்து கிடக்கும், மங்கலாக இருக்கும், நமக்கு உச்சி வெயில், எதற்கு இது?" என்று ஒருவர் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. திறந்த நெடுஞ்சாலையில் நண்பகலில் பெரிய வித்தியாசம் இருக்காது என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ஆனால் நம் சாலை அப்படி இல்லையே. போன வாரம் தோட்டத்துச் சந்து ஒன்று பெரிய சாலையில் சேரும் இடத்தில் நின்று பார்த்தேன். காலை மணி பத்து. இரண்டு பக்கமும் முதிர்ந்த செம்பனை. சாலையில் வெயில் ஒரு துண்டு, நிழல் ஒரு துண்டு, மறுபடி வெயில். மகனை அடர் சாம்பல் நிறக் காரில் முந்நூறு மீட்டர் தள்ளி அனுப்பினேன். பகல் விளக்கு இல்லாமல் வந்தபோது கார் நிழலுக்குள் நுழையும், காணாமல் போகும், வெயிலில் திடீரென்று பக்கத்தில் வந்து நிற்கும். விளக்கோடு வந்தபோது நிழலுக்குள்ளும் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் விடாமல் தெரிந்தன. எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறது என்பதைக்கூடச் சொல்ல முடிந்தது. வெயிலில் நிற்கிற கண்ணுக்கு நிழலுக்குள் இருப்பது தெரியாது. நம் சந்துகளில் அதுதான் சிக்கல்.

காசுக் கணக்கு: இரண்டு எல்இடி பகல் விளக்கும் சேர்ந்து சுமார் 15 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்த மின்சாரத்தை ஆல்டர்நேட்டர் (எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் கருவி) பெட்ரோலிலிருந்து எடுக்க ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டரில் நூறில் ஒரு பங்கு ஆகும். லிட்டர் 2 ரிங்கிட் என்று போட்டால் 2 சென். தினம் ஒரு மணி நேரம் ஓட்டினால் வருஷத்துக்கு ஏறக்குறைய 7 ரிங்கிட். பழைய ஹாலஜன் ஹெட்லைட்டே பகல் விளக்காக எரியும் கார் என்றால் கதை வேறு. ஒரு பல்புக்கு 55 வாட், பின்விளக்கையும் மற்றதையும் சேர்த்தால் 150 வாட்டை நெருங்கும். வருஷத்துக்கு 70 ரிங்கிட்டைத் தாண்டும், பல்பும் சீக்கிரம் போகும்.

எல்இடியில் ஒளிந்திருக்கும் செலவு வேறு இடத்தில். பல கார்களில் அதைத் தனியாகக் கழற்ற முடியாது. ஒரு பக்கம் மங்கிவிட்டால் விளக்குப் பெட்டி முழுவதையும் மாற்றச் சொல்வார்கள், சில நூறு ரிங்கிட்டில் ஆரம்பிக்கும். ஆனால் நல்ல எல்இடி எளிதில் சாகாது. நான் பார்த்தவரை பெட்டிக்குள் தண்ணீர் புகுந்ததால் போனவைதான் அதிகம்.

மோட்டார் ஓட்டிகள் பக்கமிருந்து ஒரு குறை சொல்வதுண்டு. எல்லாக் காரிலும் விளக்கு எரிந்தால் மோட்டாரின் விளக்கு கூட்டத்தில் கரைந்து போகுமே என்று. ஈப்போ மாதிரி நெரிசலில் அது யோசிக்க வேண்டிய விஷயம்தான். தோட்டச் சாலையில் ஒரு நேரத்தில் ஒரு கார், ஒரு மோட்டார் என்றுதான் சந்திக்கின்றன.

இந்த வழியில் மெய்யான ஆபத்து எது என்றால், பின்விளக்கு. பகல் விளக்கு எரியும்போது பெரும்பாலான கார்களில் பின்னால் ஒன்றுமே எரியாது. முன்னால் வெளிச்சம் தெரிகிறது, டேஷ்போர்டும் எப்போதும் ஒளிர்கிறது, அதனால் லைட் போட்டாயிற்று என்ற நினைப்பு வந்துவிடும். மாலை ஏழரை மணிக்கு, தெருவிளக்கு இருக்கும் பட்டணத்தை விட்டு வெளியே வந்தபின்னும் அப்படியே போகிறவர்களை வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது பார்க்கிறேன். பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி வரும். நான்கு மணி மழையிலும் இதே கதை. மழை கொட்டும்போது பகல் விளக்கை நம்பாதீர்கள், கையால் ஹெட்லைட்டைப் போடுங்கள். அப்போதுதான் பின்னாலும் சிவப்பு எரியும்.

## திருகை மாற்றுவது, கைப்பிரேக்கை இழுப்பது

நின்ற இடத்தில் சற்று நேரம் அணைக்க வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. காசு வேண்டாம், ஸ்குரூ டிரைவர் வேண்டாம்.

திருகைப் பார்க்கிங் லைட் இடத்துக்குக் கொண்டுவந்தால் பல கார்களில் பகல் விளக்கு மங்கிவிடும் அல்லது அணைந்துவிடும். சில கார்களில் கியரை பார்க்கில் வைத்தாலோ கைப்பிரேக்கை இழுத்தாலோ அணையும். வாங்கிய காரின் கையேட்டில் விளக்குப் பகுதியில் இரண்டு வரியில் எழுதியிருப்பார்கள். இல்லையென்றால் ஒரு சுவர் முன்னால் காரை நிறுத்தி நீங்களே ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

ஓடும்போது கைப்பிரேக்கை ஒரு பல் மட்டும் இழுத்து வைத்து விளக்கை அணைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது வேண்டவே வேண்டாம். பிரேக் உரசிக்கொண்டே இருக்கும், சூடாகும், பின் சக்கரத்தில் வாடை வரும் வரை தெரியாது.

அணைந்த விளக்கு தானாகத் திரும்பி வருவதுதான் இந்த வழியின் பெருமை. கைப்பிரேக்கை விட்டாலே எரியும். திருகை மாற்றியவர்கள் மட்டும் கிளம்பும்போது ஆட்டோவுக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

## மெனுவில் அணைப்பது, கோடிங் செய்வது

சில கார்களில், முக்கியமாக ஐரோப்பியக் கார்களில், திரைக்குள் விளக்கு என்ற பகுதியில் பகல் விளக்கை வேண்டாம் என்று குறிக்க இடம் இருக்கும். இருந்தால் அது நேர்மையான வழி. காரைச் செய்தவர்களே வைத்தது, வயருக்கு ஒரு கீறலும் இல்லை, வேண்டும்போது திரும்ப வைத்துக்கொள்ளலாம்.

மெனுவில் இல்லாவிட்டால் டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள சோதனைச் சொருகியில் கருவியை மாட்டி, காரின் கணினியில் உள்ள அமைப்பை, அதாவது கோடிங்கை, மாற்றலாம். சர்வீஸ் சென்டரில் சிலர் செய்து தருவார்கள், சிலர் மறுப்பார்கள். இணையத்தில் மலிவாக வாங்கிய கருவியை வைத்து நாமே செய்யப்போனால், ஒரு எண் தப்பினாலும் விளக்கைப் பார்த்துக்கொள்ளும் பெட்டி வேறு எதையோ நிறுத்திவிடும். வைப்பர் வேலை செய்யவில்லை என்று வந்த ஒரு காரை இப்படித்தான் ஒரு நாள் முழுக்கத் தேடிக் கண்டுபிடித்தேன்.

யாருக்கு இது ஆகும்? ஹாலஜன் பல்பு அடிக்கடி போய்த் தொல்லை கொடுக்கும் காரை வைத்துக்கொண்டு, கையால் ஹெட்லைட் போடும் பழக்கம் நன்றாக ஊறியவருக்கு. வீட்டில் இன்னொருவரும் அதே காரை ஓட்டுகிறார் என்றால் இரண்டு முறை யோசியுங்கள். அவருக்கு விளக்கு அணைத்து வைத்திருப்பது தெரியாது.

## ஃபியூஸைப் பிடுங்குவது

மூடியைத் திறந்து, 10 என்று எழுதிய சிவப்பு ஃபியூஸைப் பிடுங்கினால் முடிந்தது என்று வீடியோவில் காட்டுவார்கள். அந்தக் காருக்கு அது சரியாக இருக்கலாம். உங்கள் காரில் அதே ஃபியூஸில் வேறு எது தொங்குகிறது என்பது மூடியின் உள்பக்கத்துப் படத்தைப் பார்த்தால்தான் தெரியும். பல புதுக் கார்களில் பகல் விளக்குக்கென்று தனி ஃபியூஸே கிடையாது. ஃபியூஸ் இல்லாததால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தபடி இருந்தால், நாளைக்கு வேறு ஒரு கோளாறு வந்தாலும் அதோடு கலந்து மறைந்துவிடும்.

விளக்கில் ஷார்ட் ஆகி, கடைக்கு வரும்வரை ஓட்டியாக வேண்டும் என்ற அவசரத்துக்கு மட்டும் இது சரி.

## வயரை வெட்டி ஸ்விட்ச் வைப்பது

அக்சசரி கடையில் அரை மணி நேரத்தில் செய்து கொடுப்பார்கள். கையில் ஒரு ஸ்விட்ச், வேண்டும்போது எரியும், வேண்டாதபோது அணையும். கேட்க நன்றாக இருக்கிறது. நானும் செய்து கொடுத்திருக்கிறேன். இப்போது செய்வதில்லை.

நான்கு வருஷத்துக்கு முன் என் மைத்துனர் கேட்டார். கோயிலில் சாமி ஊர்வலத்துக்கு ரதத்தின் பின்னாலேயே காரை மெல்ல ஓட்டிப் போவார், விளக்கு முன்னால் நடப்பவர்கள் முதுகில் அடிக்கும். சின்ன ஸ்விட்ச் ஒன்றை ஸ்டீயரிங்குக்கு இடது பக்கம் துளை போட்டு வைத்தேன். திருவிழாவில் அணைத்தவர் மறுபடி போட மறந்துவிட்டார். ஓட்டுகிறவருக்கு உள்ளேயிருந்து பகல் விளக்கு தெரியாது, அதனால் மூன்று வாரம் அப்படியே ஓடியிருக்கிறது. ஒரு நாள் காலை ஏழரை மணி, கோலகங்சார் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார். தோட்டத்துச் சந்திலிருந்து மாட்டுக்குப் புல் கட்டிக்கொண்டு மோட்டாரில் வந்த ஒரு பெரியவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். மைத்துனர் பிரேக்கை மிதித்தார், பெரியவர் ஒடித்தார், மோட்டார் சரிந்தது. முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. சாலை முழுக்கப் பச்சைப் புல். பெரியவர் எழுந்து சொன்னது ஒன்றுதான்: "காடி வந்ததே கண்ணுல படலப்பா."

விளக்கு எரிந்திருந்தால் நிச்சயம் பார்த்திருப்பாரா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்த ஸ்விட்சை வைத்தவன் நான். அணைத்தது தானாகத் திரும்பி எரியும்படி நான் வைக்கவில்லை. அன்றைக்கு மாலையே துளையிலிருந்து ஸ்விட்சைக் கழற்றி வயரைப் பழையபடி ஈயம் வைத்துப் பற்றவைத்தேன்.

மற்ற செலவுகள்: வயரை வெட்டாமல் கிளிப்பை வைத்துக் கடித்து இணைப்பது சுலபம். ஆனால் கிளிப் வயரின் தோலைக் கிழிக்கும். நம் ஊர் மழையில் அதற்குள் ஈரம் ஏறும். இரண்டு வருஷம் கழித்துத் திறந்து பார்த்தால் செம்பு பச்சைக் களிம்பாகி, விரலில் உதிரும். அந்த இடத்தில் சூடு ஏறும். ஆலையில் வந்த வயரிங்கில் கை வைத்ததால் விளக்குக்கான வாரண்டியை மறுக்கலாம். காரை விற்கும்போது பெயர் மாற்றத்துக்கு வாகனப் பரிசோதனை உண்டு. விளக்கு விஷயத்தில் கேள்வி வந்தால் மறுபடி கடைக்கு அலைய வேண்டும். விபத்துக்குப் பின் காப்புறுதி நிறுவனத்திடமும் இதற்கு விளக்கம் சொல்ல நேரலாம்.

கட்டாயம் வேண்டும் என்று நிற்பவர்களுக்கு, எஞ்சினை நிறுத்தினால் தானாகப் பழைய நிலைக்கு வரும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். அழுத்தும் பட்டன், ரிலே, தனி ஃபியூஸ். கூலி கூடும். அதைச் செய்யத் தெரியாத கடையில் சாதாரண ஸ்விட்சும் வைக்காதீர்கள்.

## வந்த மூவருக்கும் சொன்னது

பள்ளி வாசல் அக்காவின் காரில் கைப்பிரேக்கை இழுத்துத் திருகைப் பார்க்கிங்குக்குக் கொண்டுவந்ததும் விளக்கு பாதியாக மங்கியது. "இவ்வளவுதானா?" என்றார். ஐ.நா. வாகன விதிகளில் 87ஆம் விதிப்படி பகல் விளக்கு நேர் எதிரே 400 முதல் 1,200 கேண்டெலா (ஒளியின் அளவு) வரை இருக்கலாம். வெயிலில் அது ஒன்றுமே இல்லை. மரத்தடி நிழலில் ஐந்தடி தூரத்தில் நிற்கிற பிள்ளைக்கு உறுத்தும். எஞ்சினை அணைத்துவிட்டு இக்னிஷனை மட்டும் போட்டு மின்னல் எஃப்எம் கேட்காதீர்கள் என்றும் சொன்னேன். சில கார்களில் அப்போதும் பகல் விளக்கு எரியும், காற்றாடியும் ரேடியோவும் சேர்ந்து பேட்டரியை இழுக்கும்.

காவலுக்குப் போகும் தம்பிக்குப் பகல் விளக்கு தொல்லையே இல்லை. அவர் வேலை செய்யும் ஆலை வாசலில் பெரிய விளக்கை, அதாவது ஹெட்லைட்டை, அணைக்கச் சொல்லிப் பலகை வைத்திருக்கிறார்கள். கண் கூசாமல் ஓட்டுநரின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. பகல் விளக்கு அதில் சேராது. ஆட்டோவிலிருந்து பார்க்கிங் இடத்துக்குத் திருகிவிட்டு, உள்விளக்கைப் போட்டுக் கண்ணாடியை இறக்கினால் போதும்.

கிராணி ஐயாவிடம் 7 ரிங்கிட் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அப்புறம் காரின் பின்னால் போய் நின்று, அவரை ஹெட்லைட் போடச் சொன்னேன், பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். இடது பக்கம் எரிந்தது. வலது பக்கம் எரியவில்லை. பல்பைக் கழற்றினால் உள்ளே இழை அறுந்து கறுத்துக் கிடந்தது. எத்தனை நாளாக அப்படி ஓட்டினார் என்று அவருக்கும் தெரியவில்லை. புது பல்பு மாட்டி, மறுபடி மிதிக்கச் சொல்லி, இரண்டு சிவப்பும் எரிந்த பிறகுதான் அனுப்பினேன்.